ஊதற்கரை வீடுகளின் விலை

ஏழு கணவாய்களின் காற்றும் வந்து கூடும் ஊதற்கரை நாட்டில் வீடு வாங்க ஒரு முறை உண்டு. வாங்க வருகிறவர் விடிந்தது முதல் அந்தி வரை அந்த வீட்டுக் கூடத்தில் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிடித்திருந்தால் போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போவார். பிடிக்காவிட்டால் திறந்தபடியே விட்டுப் போவார். விலை பேசுவதெல்லாம் அதன் பிறகுதான்.

அந்நாட்டு மன்னர் வளிவேந்தர் காற்றாலைகளை நட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. மேகம் இறக்கைக்குப் பின்னால் போய் மறைந்து வெளிவந்தது. முதல் இறக்கை சுழன்ற அன்று சந்தைக்காரர்கள் தூக்கிய தராசோடு அண்ணாந்து நின்றுவிட்டார்கள். கூட்டத்தில் நின்ற பேச்சித்தாயும் தன்னை அறியாமல் கைகூப்பினாள்.

அவள் வீடு ஒரு காற்றாலையின் காலடியில் இருந்தது. வெயில் சாய்ந்தால் இறக்கைகளின் நிழல் கூடத்தை வெட்டி வெட்டி ஓடும். அவள் கணவர் கொம்பையாவுக்குத் தலைச்சுற்றல் கண்டு, பிறகு எழுந்து நடக்கவே முடியாமல் போயிற்று. இதை விற்றால்தான் கணவாய்க்கு அப்பால் வேறு வீடு வாங்கலாம். நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நிழல் ஓடத் தொடங்கியதும் நால்வரும் எழுந்து, கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போனார்கள்.

பேச்சித்தாய் மதிப்பீட்டு மந்திரி பெருமிதசேனரிடம் போனாள்.

“வீட்டு வெல விழுந்து போச்சுய்யா. சும்மா குடுத்தாலும் வாங்க ஒரு நாதியில்ல.”

“விழவில்லை அம்மா. காற்றாலையைக் கூடத்திலிருந்தே தரிசிக்கும் வீட்டுக்கு இரட்டிப்பு மதிப்பு. இன்று முதல் அதுவே சட்டம். வரியும் அவ்வாறே.”

“அப்பம் நீங்களே வாங்கிக்கிடுங்க.”

மந்திரி தொண்டையைக் கனைத்தார். “நமக்கு ஆசை குறைவு.”

வரி இரட்டித்தது, வாங்க வருவோர் அடியோடு நின்றார்கள். கதவுகள் திறந்து கிடப்பதே விலை வீழ்ச்சிக்குக் காரணம் என்று மந்திரிசபை ஆழ்ந்து ஆராய்ந்து கண்டறிந்தது. வீடுதோறும் கதவில் ஸ்பிரிங் பொருத்தினார்கள். இனி யார் வெளியே போனாலும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். சாத்தினால் சம்மதம். வாசலுக்கு ஓர் எழுத்தர் அமர்த்தப்பட்டார்.

பேச்சித்தாய் தண்ணீருக்குக் குடத்தோடு வெளியே வந்தாள். படார்!

“வாழ்த்துகள், வீடு வாங்கியிருக்கிறீர்கள்” என்று பதிவுக் கட்டணச் சீட்டை நீட்டினார் எழுத்தர்.

“ஏய்யா, இது என் வீடுல்லா!”

“இப்போது இன்னும் உறுதியாக உங்களுடையது.”

அந்த வாரம் வீட்டு விற்பனையில் நாடு சாதனை படைத்ததாக முரசு அறைந்தார்கள். கட்டணத்துக்கு அஞ்சி மக்கள் வெளியே வருவதையே விட்டார்கள். கொம்பையா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி, “ஏளா, என்னைய எங்கயாவது கொண்டு போயிரு” என்றார்.

பேச்சித்தாய் கதவைக் கழற்றினாள். கணவரை அதிலேயே கிடத்தினாள். பக்கத்து வீட்டார் நால்வர் தூக்க வந்தார்கள். அவர்களும் தங்கள் கதவுகளைக் கழற்றியிருந்தார்கள். தெருத்தெருவாகக் கதவுகள் கழன்றன. விடியும் வேளையில் ஊரே அரண்மனைக்குள் நுழைந்து, அரசவைக் கூடத்தில் உட்கார்ந்தது.

“என்னவாம் இவர்களுக்கு?” என்றார் மன்னர்.

“தங்கள் பெருமையைக் கண்டு வாயடைத்துப் போயிருக்கிறார்கள், மன்னா” என்றார் பெருமிதசேனர்.

ஆயிரமாயிரம் பேர், ஓர் இருமல் இல்லை. காற்றாலையை அண்ணாந்து பார்த்த அதே கண்கள் இமைக்காமல் சிம்மாசனத்தைப் பார்த்தன. அந்த மௌனம் எந்தக் காற்றாலையையும்விட உயரமாக இருந்தது. அந்தக் கூடத்தில் நிழல் எதுவும் ஓடவில்லை. உச்சிவேளைக்கு மேல் கொம்பையா தானாக எழுந்து உட்கார்ந்தார். மன்னருக்கு வியர்த்தது.

அந்தி சாய்ந்ததும் அவர்கள் எழுந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியேறினார்கள். கொம்பையா மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார்.

அரண்மனைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

“யாராவது அதைச் சாத்துங்களேன்!” என்று கத்தினார் மன்னர்.

காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஈட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவைத் தொடாமல் வெளியே நடந்தார்கள்.