பாதி வயலும் முழுக் கரியும்

உலகத்தின் சூட்டைக் குறைத்தே தீருவது என்று ஒருநாள் நான் முடிவு செய்தேன். வீட்டுச் சூட்டைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

நான் அரிசி ஆலையில் இயந்திரம் ஓட்டுகிறவன். ஆலைக்குப் பின்னால் உமி மலைபோல் கிடக்கும். காற்றடித்தால் கண்ணில் விழும். மழை பெய்தால் அழுகும். யாராவது சிகரெட் துண்டை எறிந்தால் நாள் கணக்கில் புகையும். அதை நான் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. அன்றைக்கு விவசாய அதிகாரி ஒருவர் வந்து ஆலை முற்றத்தில் கூட்டம் போட்டார்.

"இந்த உமியில இருக்கிற கார்பன் எல்லாம் காத்துலேர்ந்து பயிர் இழுத்துக்கிட்டது. அழுக விட்டாலும் எரிச்சாலும் திரும்ப வானத்துக்கே போயிடும். காத்து அதிகம் படாம சுட்டுக் கரியாக்கி வயல்ல போட்டுப் பாருங்க. பல தலைமுறைக்கு மண்ணை விட்டு நகராது" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வானத்துக்குப் போகிறதைப் பிடித்து மண்ணுக்குள் பூட்டுவதா! என் சைக்கிளைக்கூட நான் ஒழுங்காகப் பூட்டியது கிடையாது. உற்சாகம் தாங்காமல் கூட்டம் முடிவதற்குள் எழுந்து வீட்டுக்கு ஓடினேன்.

ஓடித்தான் ஆக வேண்டும். உழுகிறது நான் என்றாலும், வயல் என் மனைவியுடையது. அவள் அப்பா கொடுத்தது.

அவள் மருத்துவமனையில் நர்ஸ். அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம வயல்ல கரி போடப் போறேன்."

"நம்ம வயல் இல்ல. என் வயல்."

"சரி, உன் வயல்ல."

"எதுக்கு?"

"கார்பனைச் சேமிக்க."

"இதுவரைக்கும் இந்த வீட்டுல எதைச் சேமிச்சிருக்கீங்க?"

"இது உலகத்துக்காகம்மா."

"உலகம் வந்து உங்ககிட்ட கேட்டுச்சா?"

"அதுக்கு வாய் இல்லையே."

"எனக்கு இருக்கு. வேண்டாம்."

அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. துண்டை எடுத்துக் காலைத் துடைத்தபடி அடுத்த குண்டைப் போட்டாள்.

"விளைச்சல் குறைஞ்சுக்கிட்டே வருது. அண்ணன் வயலை மண்ணு கொட்டி மேடாக்கி மரக்கடை வைக்கிறேன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. குடுத்துடலாமான்னு பார்க்கிறேன்."

என் மச்சான் மரக்கடை வைத்தால் நன்றாகத்தான் வைப்பார். ஆனால் நெல் ஆடிய இடத்தில் பலகை அடுக்கியிருப்பதை நான் எந்தக் கண்ணால் பார்ப்பேன்?

"ஒரே ஒரு போகம் குடு. பாதி வயல் போதும். மண்ணைத் தேத்திக் காட்டறேன்" என்றேன். என் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். காய்ச்சல் எவ்வளவு என்று கணக்குப் போடுகிற பார்வை.

"சரி. கீழ்ப் பாதி உங்களுக்கு. மேல் பாதி என் இஷ்டம். உங்க பாதி அதிகமா விளைஞ்சா முழு வயலும் உங்க பொறுப்பு, நான் வாயே திறக்க மாட்டேன்."

"தோத்தா?"

"நான் சொல்றதைக் கேட்கணும்."

இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மறுநாளே வேலை ஆரம்பம். கொல்லையில் துளை போட்ட தகரக் குழாயை நட்டு, உள்ளே நெருப்பு வைத்து, சுற்றிலும் உமியைக் குவித்தேன். உமி உள்ளிருந்து மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வரும். முழுக்கக் கறுத்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். நான் கறுத்த அழகைப் பார்த்துப் பூரித்துவிட்டு, அணைக்காமல் வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கரியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெள்ளைச் சாம்பல்.

"கரியை மண்ணுல புதைக்கறேன்னீங்க," என்றாள் மனைவி. "ஆகாசத்துல புதைச்சிட்டீங்களா?"

விடுவேனா? மறுபடி சுட்டேன். இந்த முறை கரி வந்தது. கூடவே காற்றும் வந்தது. நான் கரியை விரித்துப்போட்ட நேரம் பார்த்துச் சுழன்று அடித்தது. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுப் பால்காரம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணே, என் மாடு எங்க?"

"கொட்டில்லதானே நிக்குது?"

"அது கறுப்பு மாடு. நான் கட்டினது வெள்ளை மாடு."

எட்டிப் பார்த்தேன். மாடும் என்னை எட்டிப் பார்த்தது. கண் இரண்டும் மட்டும் வெள்ளை.

"கழுவினா போயிடும்மா."

"பால் வாங்க வர்றவங்க, மாட்டை மாத்திட்டியா, பழைய மாட்டுப் பால்தான் வேணும்ங்கிறாங்க. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

சத்தம் கேட்டு என் மனைவி வாளியும் தேங்காய் நாருமாக வந்து அவற்றை என் கையில் கொடுத்தாள். நான் மாட்டைத் தேய்த்தேன். அது உதைத்தது. நான் விடாமல் தேய்த்தேன். அதுவும் விடாமல் உதைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் தலையோடு தலை வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றிய புலம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் காற்றைப் பார்த்துப் பார்த்துச் சுட்டேன். கரி குவிந்தது. கீழ்ப் பாதிக்கு வேண்டியதை முதுகொடியச் சுமந்துபோய் இறைத்து உழுதேன். மிச்சத்தை அடுத்த போகத்துக்கென்று கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடினேன். அந்தக் குவியல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது. கரி என்றால் அமுங்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே அறிவியல் சொல்லிக்கொண்டேன்.

நாற்று நட்டோம். மேல் பாதி பச்சைப் பசேலென்று எழுந்தது. என் பாதி எழவே யோசித்தது. பிறகு மஞ்சளாகிவிட்டது.

மச்சான் வேலை மெனக்கெட்டு வரப்பில் வந்து நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, பயிருக்கு மஞ்சள் காமாலையா?"

"வேர் பிடிக்குது மச்சான். கொஞ்சம் நாளாகும்."

"ஆகட்டும் ஆகட்டும். நான் பலகைக்குச் சொல்லி வச்சிருக்கேன். அதுவும் வர நாளாகும்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஒன்று, மனம் தளரவில்லை. வேலைக்குப் போகுமுன் வயல், வந்ததும் வயல். களை பறித்தேன், தண்ணீர் கட்டினேன். யாரும் இல்லாத சமயத்தில் பயிரிடம், "மானத்தைக் காப்பாத்துங்கப்பா" என்று கெஞ்சியும் பார்த்தேன். ஒரு மாலை என் மனைவி வந்தாள். ஒரு பயிரின் தாளைக் கிள்ளி, திருப்பிப் பார்த்து, "ம்" என்றாள்.

"உங்க கரிசனம் எல்லாம் கரிமேலதான். பயிரு சாப்பிட்டுச்சான்னு கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என்ன ஆச்சரியம், அந்த வாரத்திலிருந்து என் பயிர் தேறியது. மஞ்சள் மறைந்தது. தூர் கட்டியது. கதிர் விட்டது. நான் வரப்பில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். என் உறுதிக்குக் கிடைத்த பரிசு என்று ஆலையில் எல்லாருக்கும் சொன்னேன்.

அறுவடை வந்தது. இரண்டு பாதியையும் தனித்தனியாக அடித்துக் களத்தில் குவித்தோம். என் குவியல் போன போகத்தைவிடப் பெரிது. அவள் குவியல் என் குவியலைவிடப் பெரிது. யாரும் அளக்கவே தேவையில்லை. மச்சான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

மண்ணுக்காகப் பாடுபட்டேன், கடைசியில் மண்ணைக் கவ்வினேன்.

"கரி தோத்துப்போச்சு மச்சான். நான் சொன்னது தப்பு. வயலை நீங்களே எடுத்துக்குங்க."

"என் வயலை எடுத்துக் குடுக்க நீங்க யாரு?" என்றாள் என் மனைவி. என் கையில் மண்வெட்டியைத் திணித்தாள். "மேல் பாதியில போய் ஒரு வெட்டு வெட்டுங்க."

வெட்டினேன். மண் கன்னங்கரேல் என்று திரும்பியது. குனிந்து அள்ளிப் பார்த்தேன். உமிக்கரி.

"இது..."

"உங்க கரிதான். நீங்க ஆலையில இருந்தப்ப நானும் பால்காரம்மாவும் அள்ளிட்டு வந்தோம். கொட்டில் கழுவுற சாணித் தண்ணியில ஊறவச்சு, அப்புறமா வயல்ல போட்டு ஆள் வச்சு உழுதோம்."

"ஊறவைக்கணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"அதிகாரிதான். போன் பண்ணிக் கேட்டேன். பச்சையாப் போட்டா பயிருக்குப் போற சத்தைக் கரியே கொஞ்ச நாளைக்கு இழுத்து வச்சுக்குமாம். கூட்டத்தோட பின்பாதியில சொன்னாராமே? ஒரே ஒருத்தர் மட்டும் பாதியில எழுந்து ஓடினாருன்னாரு. அடையாளமும் சொன்னாரு."

"அப்ப என் பாதி தேறினது?"

"கொட்டில் தண்ணியைக் குடம் குடமாக் கொண்டுவந்து உங்க வாய்க்கால்ல ஊத்தினோம். கண்ணெதிரே ஒரு உசிரு வாடினா பார்த்துக்கிட்டு நிக்க எனக்கு வராது."

எனக்கு வெட்கம் வர வேண்டும். வரவில்லை. கையில் இருந்த கறுப்பு மண்ணைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்தான் வந்தது. மேல் பாதியிலும் கரி, கீழ்ப் பாதியிலும் கரி. நான் கேட்டது பாதி, பூட்டியிருப்பது முழு வயல்!

"அப்படின்னா கரி ஜெயிச்சுடுச்சு!" என்று கத்தினேன்.

"ஜெயிச்சுடுச்சு."

"அப்ப நானும்..."

"நீங்க தோத்துட்டீங்க. குவியலைப் பாருங்க."

மச்சான் கனைத்தார். "அப்ப என் மரக்கடை?"

"வேற இடம் பாருங்கண்ணா. எங்க வீட்டுக்காரர் ராப்பகலா பாடுபட்டு மண்ணுக்குள்ள சேர்த்து வச்சிருக்காரு. அதுமேல நான் பலகை அடுக்க விடமாட்டேன்."

எங்க வீட்டுக்காரர்! என் நெஞ்சு களத்து அளவுக்கு விரிந்தது. மச்சான் செருப்பை உதறி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"அடுத்த போகத்துக்கு இன்னும் அதிகமாக் கரி போட்டுடலாம்மா!" என்றேன்.

"போடலாம். ஆனா இனிமே விவசாயம் நான்தான் பார்க்கப் போறேன். கரி சுட மட்டும் ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

சேர்ந்துவிட்டேன். காலையில் தாமதமாக எழுந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாளாம்.