நூற்றுக்கு நூறு விவசாயம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த நாட்டின் முதல் விஞ்ஞானப்பூர்வமான கருத்துக்கணிப்பு டெல்லியில் நடக்கவில்லை, பம்பாயிலும் நடக்கவில்லை. எண்பத்தைந்தாம் வருடம், ஆவடியில், கோவில்பதாகைக்குப் போகும் வழியில் இருந்த தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில் நடந்தது. அதன் முடிவை இன்றுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

எல்லாம் மன்றத்தின் கறுப்பு வெள்ளை டி.வி.யால் வந்தது.

"டியூப் சூடாவுது சார்," என்றார் பூந்தமல்லியிலிருந்து வந்த மெக்கானிக் நஜீர். "புதுசு வர்ற வரைக்கும் ஒரு நாளைக்கு அரை மணிதான். அதுக்கு மேல ஓட்டினீங்கன்னா மாலை வாங்கியாந்து போட்டுடுங்க."

மற்ற நாட்களில் பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமைதான் சிக்கல். முதல் அரை மணி விவசாய நிகழ்ச்சி, அடுத்த அரை மணி சினிமாப் பாட்டு. இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும்.

மன்றத் தலைவர் கஜபதி, தொழிற்சாலையில் ஃபோர்மேன். மன்றத்துக்குள் நுழைந்துவிட்டால் ஜனாதிபதி. வாரப்பத்திரிகையில் தேர்தல் கணிப்புகளைப் படித்ததிலிருந்து அவருக்கு அதே ஜுரம்.

"நாம் யார் முடிவு செய்ய? மக்களின் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நமது செயலாளர் வீடு வீடாகச் செல்வார்!"

செயலாளர் பக்தவத்சலத்துக்கு உள்ளூர ஒரே குஷி. உலகத்தில் எவனாவது பாட்டை விட்டுவிட்டுப் பூச்சிமருந்து பார்ப்பானா?

உண்மையில் அவருக்குப் பாட்டில் பெரிய பிடிப்புக் கிடையாது. பாட்டு அவர் மனைவி பத்மாவுக்கு. மன்றத்தின் ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். வேப்பமரத்து இருட்டைத் தாண்டும்போது, வேண்டுமென்றே அவர் தோளில் ஒரு இடி இடிப்பாள். வாரமெல்லாம் லேத் மெஷினோடு மல்லுக்கட்டும் மனிதருக்கு அந்த இடிதான் போனஸ்.

முதல் வீடு சைனம்புவுடையது.

"விவசாயம்தாண்ணே!" என்றாள் அவள், கேள்வி முடிவதற்குள். சொல்லிவிட்டு, பிறந்தநாள் பரிசு கொடுத்தவள் போல அவர் முகத்தையே பார்த்தாள்.

அடுத்த வீடும் விவசாயம். அதற்கடுத்த வீட்டில், வயலையே பார்த்திராத ஒரு வெல்டர், "உரம் போடறதைப் பார்த்தாலே மனசு நெறைஞ்சுடுது சார்," என்றார்.

அன்று ராத்திரி பக்தவத்சலம் தட்டின் முன்னால் உட்கார்ந்து மெல்லக் கேட்டார்: "உனக்கு எது?"

பத்மா தோசைக்கல்லைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கும் விவசாயமே போட்டுக்குங்க."

"ஏன், பாட்டு?"

"பாட்டு எங்க போயிடப்போவுது? சட்னி போடவா?"

அவருக்குத் தோசை இறங்கவில்லை.

ஆண்கள் வீட்டில் இருந்ததால்தான் பெண்கள் மனசுவிட்டுப் பேசவில்லை என்று கணக்குப் போட்டார். மறுநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானத்தில் போனார். பலன், போன தடவை "பாட்டும் பரவால்ல" என்று இழுத்த இரண்டு வீடுகளும் விவசாயத்துக்குத் தாவின.

"அப்படீன்னா ரகசிய வாக்கெடுப்பு!" என்று தலைவரிடம் அடம்பிடித்தார். குடியிருப்பு வாசலில் இருந்த அப்துல் ஜப்பாரின் மளிகைக்கடையில் இரண்டு பால்பவுடர் டின்கள் வைக்கப்பட்டன. ஒன்று பாட்டுக்கு, ஒன்று விவசாயத்துக்கு. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை போட வேண்டும்.

சாயங்காலம் ஜப்பார் பாய் துவரம்பருப்பு நிறுக்கத் திரும்பிய நேரம், நேர்மைக்குப் பேர்போன செயலாளர் பாட்டு டின்னில் ஒரு கைப்பிடி கொட்டையைக் கவிழ்த்தார். அந்தப் பாவத்துக்காக வழியிலேயே பிள்ளையாருக்கு நாலு தோப்புக்கரணமும் போட்டுவிட்டார்.

மறுநாள் டின்கள் மன்றத்தில் திறக்கப்பட்டன. பாட்டு டின்னைக் கஜபதி தலைகீழாகத் தட்டினார். கொஞ்சம் பால்பவுடர்தான் உதிர்ந்தது.

பக்தவத்சலம் டின்னை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். தன் கள்ள ஓட்டு எங்கே என்று எந்த அதிகாரியிடம் போய்ப் புகார் கொடுப்பது?

"நூற்றுக்கு நூறு விவசாயம்!" என்று முழங்கினார் கஜபதி. "அதுமட்டுமல்ல, வீடுகளைவிடக் கொட்டைகள் அதிகம்! மக்களின் ஆர்வத்தைப் பாருங்கள். விஞ்ஞானம் பொய் சொல்லாது!"

வெள்ளிக்கிழமை மன்றம் நிரம்பி வழிந்தது. திரையில் ஒருவர் புகையான் பூச்சியின் குணநலன்களை விளக்க, குடியிருப்பே கொட்டாவியை மென்று விழுங்கியபடி பார்த்தது. இடையிடையே ஒவ்வொருவராகத் திரும்பி பக்தவத்சலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பாட்டு ஆரம்பிப்பதற்கான இசை வந்ததும் டி.வி. அணைக்கப்பட்டது. பத்மாவின் உதடு மட்டும் அந்த இசையோடு இரண்டு விநாடி அசைந்து நின்றது.

எல்லோரும் போன பிறகும் பக்தவத்சலம் எழுந்திருக்கவில்லை. மன்றத்தைப் பெருக்கும் நாகம்மா விளக்குமாற்றோடு வந்தாள்.

"இன்னா சார், இப்போ சந்தோசமா?"

"எனக்கு என்ன நாகம்மா சந்தோஷம்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குற பாரு! நீ கேட்டுகினு வர்றதுக்கு முந்தியே பத்மாம்மா ஊடு ஊடா வந்து சொல்லிட்டுதே. 'வெள்ளிக்கெழமையானா எங்க வூட்டுக்காரரு அரை மணி முன்னாடியே ஓடிப்போயி விவசாயத்த பாத்துகினு குந்திக்கீறாரு. அவருக்கு அதான் உசுரு. பாட்ட நாம வுட்டுக்குடுத்துடலாம்'னு. நீ கை தவறி அந்த டின்னுல போட்ட கொட்டையக்கூட ஜப்பார் பாய்தான் ஒண்ணு வுடாம பொறுக்கி இந்தாண்ட மாத்தி வுட்டாரு."

பக்தவத்சலம் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.

வாராவாரம் அரை மணி முன்னதாக அவர் ஓடியது, பத்மாவுக்கு அதன் கீழே இடம் பிடிக்க.