தங்கபுஷ்பம் போடாத ஊசி

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரி இருந்ததால் பக்கத்திலேயே ஒரு நர்சிங் கல்லூரியும் இருந்தது. சும்மா வேலை பார்க்க ஆள் வேண்டாமா?

அந்தக் கல்லூரியில் தங்கபுஷ்பம் என்றொரு முள்ளம்பன்றிப் பெண் படித்தாள். உடம்பெல்லாம் ஊசியோடு பிறந்தவள் வேறு என்ன படிப்பாள் என்று காட்டில் கேலி பேசினார்கள். பேசட்டும். அவள் ஊசி போட்டால் முயல்குட்டிகூட அழாது.

கல்லூரியில் முதல் நாளே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்: எழுதாத வேலை, செய்யாத வேலை. காய்ச்சல் பார்த்தாயா, நோட்டில் எழுது. மருந்து கொடுத்தாயா, எழுது. தங்கபுஷ்பம் ஒன்று விடாமல் எழுதினாள். ஆனால் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடும் உரிமை மாணவிக்குக் கிடையாது. அது வார்டு நர்ஸான கரடி சிஸ்டருக்கு மட்டுமே உண்டு. நாலு வருடமும் தங்கபுஷ்பம் ஓடி ஓடிப் படுக்கை விரித்தாள், புண் துடைத்தாள், ஊசி போட்டாள். கரடி சிஸ்டர் நாற்காலியை விட்டு எழாமல், நோகாமல் நுங்கு தின்கிற மாதிரி, பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள்.

படிப்பு முடிந்ததும் தங்கபுஷ்பம் வேலை கேட்டு மேனேஜரிடம் போனாள். மேனேஜர் ஓர் ஓணான். 'ஆமாம்' என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே 'இல்லை' என்று சொல்லும் திறமைக்காகத்தான் அவனை அந்த நாற்காலியில் வைத்திருந்தார்கள்.

"முன் அனுபவம் இருக்காம்மா?"

"நாலு வருஷம் இதே வார்டுலதான் சார் வேலை பாத்தேன்."

ஓணான் நோட்டைப் புரட்டினான். "உன் பேரே இல்லையே. எல்லாம் கரடி சிஸ்டர் போட்ட ஊசி. இந்தா பாரு, போன செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு, ஒரே நேரத்துல மூணு வார்டுல போட்டிருக்காங்க. என்ன அனுபவம்!"

"அதுல ஒண்ணு நான் போட்டது சார்."

"ரெண்டு வருஷ அனுபவத்தோட வா. கண்டிப்பா எடுத்துக்கிறேன்."

"வேலை கொடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்?"

ஓணான் தலையை ஆட்டினான். "அதத்தான் நானும் சொல்றேன். அனுபவம் வரட்டும், வேலை கொடுக்கிறேன்."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான். தங்கபுஷ்பத்துக்கோ கல்யாணம் என்ற சொல்லே ஆகாது. அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்தா பாரு தாயி, ஐப்பசி மழை விடுறதுக்குள்ள வேலை கிடைச்சாச் சரி. இல்லன்னா ஓடைக்கரைக்காரருக்கு வாக்குக் கொடுத்துருவேன்." ஓடைக்கரைக்காரர் என்பது மூன்று பெண்டாட்டிகளைக் குத்தி விரட்டிய கிழட்டு முள்ளம்பன்றி. அந்தப் பொந்துக்குள் போனால் பிறகு வெளிச்சமே கிடையாது.

இதற்கிடையில் கரடி சிஸ்டர், தான் போடாத ஊசிகளையெல்லாம் நோட்டில் காட்டி, பனிக்காட்டில் பெரிய வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். காலியான இடத்துக்கு ஒரு கழுதைப்புலி வந்தான்.

"முன் அனுபவம்?"

"பதினோரு வருஷமாக் காயம்பட்டவங்க கூடவேதான் சார் இருக்கேன்."

"காயத்தை எந்தக் கட்டத்துல பாப்பீங்க?"

"உண்டாகும்போதே பாத்துருவேன்."

ஓணானுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் அனுபவசாலியை அவன் கண்டதே இல்லை. கழுதைப்புலிக்கு அன்றே வேலை. அவனுக்குக் கீழே பயிற்சி என்று சொல்லி தங்கபுஷ்பத்தைச் சம்பளமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். அவள் கட்டுப் போட்டாள், அவன் கையெழுத்துப் போட்டான். நோயாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவன் எச்சில் விழுங்கினான். அதை அக்கறை என்று ஆஸ்பத்திரியே மெச்சிக்கொண்டது.

ஐப்பசி கடைசி வாரத்தில், ஆஸ்பத்திரியின் முதலாளியான சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலைத்தேனீ கொட்டி முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஓர் ஊசி, உடனே போட்டால் பிழைத்துக்கொள்ளும். தங்கபுஷ்பம் மருந்தை ஏற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

சிங்கம் ஒரு கண்ணைத் திறந்தது. "இவளுக்கு... அனுபவம் இருக்கா?"

"இல்லீங்க ராஜா," என்று ஓணான் தலையை ஆட்டினான்.

"அப்ப... தொடக்கூடாது. நான் போட்ட... சட்டம்."

மூச்சு முட்டும்போதும் சட்டம் பேசுகிறவர்களை என்ன செய்வது? கழுதைப்புலி ஊசியை வாங்கிக்கொண்டான். "இது எந்தப் பக்கம்மா குத்தணும்?" என்று அவள் காதில் கேட்டான். "தொடையில! சீக்கிரம்!" என்று அவள் கத்தினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். மருந்து முழுவதும் மெத்தைக்குள் இறங்கியது. அவள் இன்னொரு ஊசியை எடுக்கப் பாய்ந்தாள். ஓணான் குறுக்கே வந்து நின்றான். அதற்குள் சிங்கம் செத்துப்போயிற்று.

ஓணான் நோட்டை எடுத்துக் கழுதைப்புலியிடம் நீட்டினான்.

"நான் அப்ப சாப்பிடப் போயிருந்தேன் சார்," என்றான் கழுதைப்புலி.

ஓணான் தலையை ஆட்டிவிட்டு, நோட்டைத் தங்கபுஷ்பத்தின் பக்கம் திருப்பினான். "நீதானேம்மா மருந்து ஏத்துனே? இங்க ஒரு கையெழுத்துப் போடு."

நாலு வருடமாக அவள் ஏங்கிய நோட்டு அது. கோபத்தில் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "நான் அவரைத் தொடவே இல்லையே சார்!"

"அதனால என்ன? எழுதாத வேலை, செய்யாத வேலை. எழுதிட்டா, செஞ்ச வேலை. போடும்மா. ரெண்டு வருஷ அனுபவம்னு சான்றிதழ் தர்றேன், வேற காட்டுக்குப் போயிரு."

வெளியே மழை விட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு ஓடைக்கரைப் பொந்து ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த காட்டில் ஒரு பிணந்தின்னிக் கழுகு பெரிய ஆஸ்பத்திரி நடத்தினார். சான்றிதழை வாசித்ததும் இரண்டு இறக்கையையும் விரித்தார். "சிங்கத்துக்குக் கடைசி ஊசி போட்டது நீயா? உன்ன மாதிரி ஆளைத்தாம்மா தேடிக்கிட்டிருந்தேன்!" வார்டுப் பொறுப்பு, தனி நாற்காலி, புதுப் பேனா எல்லாம் அன்றே கிடைத்தன. அப்பா ஓடைக்கரைக்காரருக்கு ஆள் அனுப்பி இல்லை என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் காலையில் காய்ச்சலோடு ஒரு முயல்குட்டி வந்தது. தங்கபுஷ்பம் ஆசை ஆசையாக ஊசியைக் கையில் எடுத்தாள். கழுகு பதறிப் பறந்து வந்து அதைப் பிடுங்கினார்.

"என்னம்மா இது! இவ்வளவு அனுபவம் இருக்கிறவ ஊசி போடலாமா? அதுக்குத்தான் காலேஜ் பிள்ளைங்க இருக்காங்களே. நீ உக்காந்து கையெழுத்துப் போடு."

அவள் உட்கார்ந்தாள். ஒரு மரநாய் மாணவி தப்பும் தவறுமாக ஊசியைக் குத்தினாள். முயல்குட்டி வீலென்று அலறியது. மாணவி நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தங்கபுஷ்பம் பேனாவைத் திறந்தாள்.

நீதி: நூறு உயிரைக் காப்பாற்றினால் நீ மாணவி, ஒரு சாவுக்குக் கையெழுத்துப் போட்டால் நீ அனுபவசாலி. ஆகவே, நர்சிங் படிக்கும் பிள்ளைகளே, ஊசியை மறந்தாலும் பேனாவை மறக்காதீர்கள்.