ஐந்து கட்டைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள்

ஹௌக்கிலம்பி,
திங்கட்கிழமை, மழை விட்ட பிறகு.

மதிப்பிற்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் ஒன்னி அவர்களுக்கு அவ்லிஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் ஏரி நலம், உருளைக்கிழங்குச் செடிகள் நலம், நான் ஒருவாறு நலம். உங்கள் தங்கை சில்வி தேவைக்கு அதிகமாகவே நலம். அவ்விடம் உங்கள் முழங்கால் வலி தணிந்து, பழையபடி சவுனா நீராவிக் குளியலறையின் மேல்படியில் ஏறி உட்காருகிறீர்கள் என்று கேட்க ஆசைப்படுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணன் என்கிற முறையில் நீங்கள் சில்வியைக் கண்டிக்காவிட்டால் எங்கள் சாம்பல் நிறக் கார் எங்களை விட்டுப் போய்விடும். ஒன்று, எஞ்சின் வெடித்துப் போகும். இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து அதை ஓட்டிக்கொண்டு போவார். நூலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெண்கள் கையுறை பின்னுவார்கள், காளான் பறிப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சில்வி மணல் பள்ளத்துக் கார்ப் பந்தயத்தில், பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டாள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாளாம். அப்போது நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேனாம். அந்த "ம்" ஏரிக்குச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பந்தயத்தின் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கோபத்தில் இன்னொரு முறை எழுதுகிறேன். இறுதிச் சுற்று முடிந்ததும், ஓடிய எந்தக் காரையும் யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போட்டு, சங்கம் வைத்திருக்கும் ஒரே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பல பேர் போட்டால் குலுக்கல். தர மாட்டேன் என்றால் ஆயுளுக்கும் பந்தயம் கிடையாது. பணக்காரன் காருக்குள் பணத்தைக் கொட்டி ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக நம் ஆட்கள் கண்டுபிடித்த நியாயம் இது. நல்ல நியாயம்தான். ஆனால் நன்றாக ஓடுகிற கார்தானே முதலில் பறிபோகும்? அந்தக் கார் எனக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாது. கோவில் ஆர்கன் வாசிப்பிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மதியம் அதை ஏரிக்கரையில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொள்வேன். அது சும்மா நிற்கும்போது முனகுகிற சத்தம், ஆர்கனில் காலால் அழுத்துகிற கட்டைகளில் மிக அடியில் உள்ளது. காதால் கேட்பதைவிட முதுகெலும்பால் கேட்கிற சுரம். பிர்ச் மரத்து இலைகள் கண்ணாடியில் நிழலாடும், தண்ணீர் வானத்தோடு கலந்துவிடும், நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்றே தெரியாமல் தூங்கிவிடுவேன். வேறெங்கும் எனக்கு அப்படித் தூக்கம் வருவதில்லை. இப்போது பந்தயத்துக்காக என் இருக்கையைக் கழற்றி விறகுக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். நான் அங்கே போய் அதில் உட்கார்ந்துகொள்கிறேன். தூக்கம்தான் வரவில்லை.

சரி, காரை விடுங்கள், எஞ்சினைச் சொல்கிறேன். எங்களுடையது மலிவான ரகம். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் கிடையாது. எல்லை தாண்டினால் தானே அடக்கிவிடுகிற ஏற்பாடு புதுக் கார்களில் உண்டாம், அதுவும் கிடையாது. ஒரு முள்ளாவது வாங்கி வைக்கலாம் என்றால் சில்வி, "விக்கப் போற வண்டிக்கு எதுக்குங்க மூக்குத்தி?" என்கிறாள். ஆயுள் முழுக்க ஆர்கன் வாசித்தவனுக்கு முள் தேவையில்லை என்பது உண்மை. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றை நெருங்கும்போது அதன் பாட்டு ஐந்து கட்டை சுருதியில் வந்து நிற்கும். கம்பெனிக்காரன் புத்தகத்தில் போட்டிருக்கும் எல்லையும் ஆறாயிரம்தான். ஐந்தரை கட்டையில், வால்வுகளை இழுத்து மூடுகிற ஸ்பிரிங்குகளுக்கு மூச்சு வாங்கும். ஆறு கட்டையில், வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து முட்டப் பார்க்கும். அதையும் தாண்டினால் உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கிற ராடு எஞ்சினின் விலாவைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அவசரத்தில் நாலாவது கியரிலிருந்து மூன்றுக்குப் பதில் இரண்டில் தள்ளிவிட்டாலும் இதே கதிதான். சக்கரமே எஞ்சினைத் தரதரவென்று இழுத்துச் சுற்றிவிடும், புதுக் காரின் ஏற்பாடுகூட அதைத் தடுக்காது. இது கோவிலுக்கும் கடைக்கும் போய்வரச் செய்த எஞ்சின். இதையெல்லாம் ஒரு முழுக் காலைநேரம் சில்விக்கு விளக்கினேன்.

"அஞ்சு கட்டைன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? எனக்கு எல்லாமே உர்ருன்னுதான் கேக்குது" என்றாள். உங்கள் தங்கைக்குச் சுருதி கேட்காது. தப்பாக நினைக்க வேண்டாம், உங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே அப்படித்தான்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். நான் வளைவில் வேலியோரம் கையை உயர்த்திக்கொண்டு நிற்பது, ஐந்து கட்டை வந்ததும் பாடகர் குழுவை நிறுத்துவதுபோல் கையை மூடி இறக்குவது, அவள் கியரை மாற்றுவது. நேற்று தகுதிச் சுற்றில் முதல் இரண்டு முறை இது அவ்வளவு அழகாக நடந்தது ஒன்னி, நான் கையை இறக்கினால் ஒரு முழு கார் எனக்குப் பணிந்தது. பாடகர் குழு ஒருநாளும் அப்படிப் பணிந்ததில்லை. மூன்றாவது முறை அவள் வந்தபோது, எழும்பிய தூசியில் வெயில் பட்டு அந்தப் பள்ளம் முழுவதும் தேன் நிறமாகிவிட்டது, அதற்கு மேலே இரண்டு கொக்குகள் கூவிக்கொண்டு போயின, அவை எந்த ஏரிக்குப் போகின்றன என்று நானும் பின்னாலேயே போய்விட்டேன். என் கை மட்டும் உயர்ந்தபடி நின்றிருக்கிறது. ஐந்தரை கட்டை காதில் விழுந்ததும் கனவில் யாரோ தவறாக வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆறு கட்டையில்தான் விழித்தேன். விழித்தவன் பதறி இரண்டு கைகளையும் வீசினேன். சில்வி அதற்குள் போய்விட்டாள். பின்னால் வந்தவர்கள் நான் அபாயக் குறி காட்டுகிறேன் என்று நினைத்து வரிசையாக நின்றுவிட்டார்கள். பெண்கள் பிரிவில் எப்போதும் முன்னணியில் ஓடுகிற மிர்யா ஒதுங்கிப் போய் உருளைக்கிழங்கு வயலில் நின்றாள். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஆறு கட்டை ஆச்சும்மா" என்றேன்.

அவள் என்னை நிழலில் உட்கார வைக்கச் சொன்னாள். பந்தயத் தளத்தைப் பார்த்துக்கொள்கிற எஸ்கோ வந்தார்.

"பெரியவரே, நீங்க கொடி காட்டற ஆளா?"

"இல்லை. அந்த சாம்பல் வண்டிக்காரம்மா வீட்டுக்காரர்."

"அப்ப வீட்டில கை காட்டுங்க. அங்கயே எடுபடுதான்னு பாருங்க முதல்ல."

என்னைத் தொத்திறைச்சி சுடுகிற கடைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார். இந்தக் குழப்பத்தில் யாருமில்லாத பாதையில் தனியாகச் சுற்றிவந்து சில்வி இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டாள்; மிர்யா அடுத்து நடந்த சுற்றில் தேர்வானாள். வீடு திரும்பும் வழியில் எஞ்சினுக்குள் டக் டக் என்று ஒரு புதுச் சத்தம். நான் அழாத குறை. அவளோ ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "நீங்க கையை இறக்கவேயில்லை பாருங்க, அப்பதாங்க வண்டி பறந்துச்சு. இத்தனை நாளா அதைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கீங்க" என்றாள். அடுத்த ஞாயிறு வேலியோரம் நிற்க எஸ்கோ எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார், இரண்டு கைகளும் கால்சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன். கையில்லாமல் நான் எப்படி அவளை நிறுத்துவேன்?

ஆகவே நீங்கள் எழுதுங்கள். சிறுவயதில் ஏரியின் மேல் உறைந்த பனி மெலிந்திருக்கிறது, போகாதே என்று நீங்கள் சொன்னபோது நின்றாளாம். உங்கள் ஒரு சொல்லுக்குத்தான் அவள் நிற்பாள். எனக்குப் பரிசுக் கோப்பை வேண்டாம், பெயர் வேண்டாம். அந்தக் கார் வேண்டும், அது நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வலையில் மீன் குறையாமலும் வீட்டில் சிரிப்பு குறையாமலும் இருக்க வேண்டிக்கொள்கிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மைத்துனன்,
அவ்லிஸ்

பின் குறிப்பு: தபால் பெட்டியைத் தாண்டும்போது எதையோ யோசித்துக்கொண்டு போயிருக்கிறேன். கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. இன்று ஞாயிறு. இறுதிச் சுற்று முடிந்துவிட்டது. நான் இரண்டு கைகளையும் பையில் போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றேன். ஒன்னி, அவள் ஐந்து கட்டைக்கு மேல் போகவேயில்லை. சுருதி தெரியாத பெண், எனக்காகப் பயந்து பயந்து, ஐந்துக்கும் கீழேயே கியரை மாற்றிக்கொண்டு, மிர்யாவுக்குப் பின்னால் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். கடைசி வளைவில் கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கையைப் பையிலிருந்து எடுத்தேன். எடுத்து, பாட்டின் கடைசி அடியில் பாடகர் குழுவிடம் கேட்பதுபோல், உள்ளங்கையை மேலே திருப்பி, ஏற்று, இன்னும் ஏற்று என்று தூக்கினேன். ஐந்தரை. ஆறு. ஆறரையும் தாண்டி ஏழு கட்டையில் அந்தச் சின்ன எஞ்சின் பாடியது. அப்படி ஒரு பாட்டை நான் எந்தக் கோவிலிலும் வாசித்ததில்லை. சில்வி ஒரு பம்பர் அளவு முந்தி ஜெயித்தாள், கோட்டைத் தாண்டியதும் ராடு விலாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எஸ்கோ என்னைத் திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்தார். எங்கள் காருக்கு ஒருவரும் சீட்டு போடவில்லை. ஆகவே அது எங்களுடையதாகவே இருக்கிறது. உங்கள் தங்கைக்கு எதுவும் எழுத வேண்டாம். உங்கள் கொட்டகையில் இதே ரகத்து வண்டி ஒன்று நிற்கிறதாம், நீங்கள் அதை மூன்று கட்டைக்கு மேல் ஏற்றியதே இல்லையாம், சில்வி சொன்னாள். அதன் எஞ்சின் புதிதுபோலவே இருக்கும். சனிக்கிழமை காலை எஞ்சின் தூக்குகிற கப்பியும் சங்கிலியும் எடுத்துக்கொண்டு வருகிறோம், காப்பி போட்டு வையுங்கள்.