நாற்பத்தொன்பது நாள் குளித்த மோட்டார்

சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூர் மாநிலத்திலேயே அடுத்தவர் வாய்க்குள் அதிகம் எட்டிப் பார்த்த மனிதர் எங்கள் ஆ-காட்டு அண்ணன்தான். பல் டாக்டர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பல் டாக்டர் பல்லோடு நிறுத்திக்கொள்வார். அண்ணன் நாக்குக்கு அடியில், கன்னத்து ஓரத்தில், கடைவாய்க்குப் பின்னால் என்று, எல்லையில் காரின் பின்கதவைத் திறக்கச் சொல்லும் சுங்க அதிகாரி மாதிரி ஒரு மூலை விடாமல் பார்ப்பார்.

அதுதான் அவர் உத்தியோகம். ஸ்கூடாயில் ஒரு சலவைக் கடையின் மாடியில் எங்கள் சின்னத் தொண்டு அலுவலகம் இருந்தது. காசநோய் வந்த தொழிலாளர்களைத் தேடிப் பிடித்து, மருந்து கொடுத்து, குணமாகும்வரை விடாமல் துரத்துவது எங்கள் வேலை. இந்த நோய்க்கு ஆறு மாதம் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். ஆனால் இரண்டே மாதத்தில் இருமல் நின்று, ஆள் தேறிவிடுவான். 'எனக்குத்தான் சரியாகிவிட்டதே' என்று மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் போடுவான். அப்புறம் அதே நோய், அந்த மாத்திரைக்கு அடங்காத முரட்டு நோயாகத் திரும்பி வரும். ஆகவே தினமும் ஒருவர் எதிரில் நின்று, மாத்திரை தொண்டையில் இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்து, அட்டையில் 'டிக்' போட வேண்டும். அந்த ஒருவர்தான் அண்ணன்.

"முழுங்கு. ம்... ஆ காட்டு. நாக்கத் தூக்கு. இந்தப் பக்கம் திரும்பு. ஓக்கே லா, போ, நல்லா இரு."

பதினோரு வருடம் இதையே சொன்னவருக்கு வேறு பெயர் எப்படி நிலைக்கும்? பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் கைப்பேசிகளில் அது கிடையாது.

உத்தியோகம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அண்ணனுக்குச் சொந்த ஊர் ரெங்கம். அங்கே கோயில் திருவிழாப் பூசையில் நற்கருணை வாங்கியவர், தம் இடத்துக்குப் போகாமல் பீடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். ஃபாதர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கக் கொடுக்க, இவர் ஒவ்வொரு தொண்டையையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பாதி வரிசை போனதும் ஃபாதர் காதருகில் குனிந்து, "ஃபாதர், அந்த நீலச் சட்ட இன்னும் முழுங்கல" என்றாராம். அன்றிலிருந்து அவருக்குக் கடைசி பெஞ்சுதான்.

நானும் தப்பவில்லை. நான் அந்த அலுவலகத்தில் ரிப்போர்ட் எழுதுகிறவள். ஒரு நாள் மேசையில் உட்கார்ந்து தலைவலி மாத்திரை போட்டேன். எதிரே வந்து நின்றார். "தங்கச்சி, ஆ காட்டு." எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆனாலும் காட்டினேன். அவர் குரலில் அப்படி ஏதோ இருந்தது.

எங்கள் சம்பளம், வேன், பெட்ரோல் எல்லாம் தூர தேசத்து அரசாங்கம் ஒன்றின் உதவியில் ஓடின. போன வருடம் ஒரு காலையில் அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது. உதவி நிறுத்தப்படுகிறது. எல்லாப் பணிகளையும் உடனே நிறுத்தவும். எங்கள் மேலாளர் மெர்சி அக்கா அதை உரக்கப் படித்தார். கீழே துணி துவைக்கும் இயந்திரம் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "எல்லாப் பணியும்னா?"

"எல்லாந்தான் அண்ணே."

"நான் ஒண்ணுமே செய்யறதில்லையே. சும்மா நின்னு பாக்குறேன். பாக்குறதையுமா நிப்பாட்டச் சொல்றாங்க?"

மெர்சி அக்கா மின்னஞ்சலை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை படித்தார். "நேரடியாப் பாக்குறதும் லிஸ்ட்ல இருக்கு அண்ணே."

"அலாமாக்!" என்று அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நோயாளிகளில் பெரும்பாலோரை அரசாங்கக் கிளினிக்குகளில் சேர்த்துவிட்டோம். ஒருவன் மட்டும் மிஞ்சினான். புதுக்கோட்டையிலிருந்து வந்து, கெலாங் பாத்தாவில் கார் கழுவும் கடையில் வேலை பார்த்த செல்வம். சிங்கப்பூர்க் கார்கள் பாலம் தாண்டி வந்து வரிசையில் நிற்கும் கடை அது. தினமும் கிளினிக்குக்குப் போக லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தான். அவனுக்கு இன்னும் ஏழு வாரம் பாக்கி. மாத்திரைப் பெட்டியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டோம். மருந்து இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

இதற்கிடையில் உதவி நிறுத்தத்தை எதிர்கொள்வது எப்படி என்று ஒரு காணொளிக் கூட்டம் போட்டார்கள். பல நாட்டு நிபுணர்கள் கட்டம் கட்டமாகத் திரையில் உட்கார்ந்திருந்தார்கள். தாங்கும் சக்தி, தற்சார்பு, புதிய வாய்ப்பு என்று பேச்சு பிரமாதமாகப் போனது. அண்ணன் இரண்டு முறை கையைத் தூக்கி, "நாளைக்கிக் காலைல செல்வத்த யாரு பாக்குறது?" என்று கேட்டார். இரண்டு முறையும் நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார்கள்.

தலைமை தாங்கிய வெள்ளைக்கார அம்மாள் பேச்சின் நடுவே, களைப்பாக இருந்ததோ என்னவோ, ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நான் மைக்கை அணைப்பதற்குள் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம்! ஆ! ஓப்பன் லா மேடம். டங் அப்!"

அந்த அம்மாள் ஒரு கணம் விழித்தார். பிறகு சமர்த்தாக ஆ காட்டினார். நாக்கையும் தூக்கினார்.

"குட்" என்று அண்ணன் உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்தில் முழுசாக முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அண்ணன் தம் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு கெலாங் பாத்தாவுக்குப் போய், செல்வம் முன்னால் நிறுத்தி, "கழுவு" என்றார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். வாடிக்கையாளரை யாரால் விரட்ட முடியும்?

பார்க்கும் முறையையும் மாற்றிக்கொண்டார். செல்வம் மோட்டாருக்குப் பின்னால் சோப்பு நுரையோடு குனிந்திருப்பான். அண்ணன் அவனுக்கு முதுகைக் காட்டி முன்பக்கம் நின்றுகொண்டு, பக்கவாட்டுக் கண்ணாடியைத் திருப்பிவைத்துத் தலை சீவுவார். சீவ அங்கே பத்து முடிகூட இல்லை. கண்ணாடிக்குள் செல்வம் மாத்திரையை விழுங்கி, ஆ காட்டி, நாக்கைத் தூக்குவான். முதலாளி கண்ணில் எதுவும் படாது.

"மெயில்ல என்னா இருந்துச்சு? நேரடியாப் பாக்கக்கூடாது. இது நேரடி இல்ல தங்கச்சி, கண்ணாடி வழியா" என்று என்னிடம் விளக்கம் வேறு.

எங்கள் 'டிக்' அட்டைதான் செல்லாதே, அதற்கும் வழி கண்டுபிடித்தார். அந்தக் கடையில் வாடிக்கையாளர் அட்டை ஒன்று தருவார்கள். கழுவும்போதெல்லாம் ஒரு முத்திரை. பத்து முத்திரைக்கு ஒருமுறை இலவசம். அந்த முத்திரைதான் இனி மாத்திரைக் கணக்கு என்று முடிவு செய்துவிட்டார். இலவசமாகக் கழுவும் நாளிலும் முத்திரை குத்தியாக வேண்டும் என்று சண்டை போட்டார். கடை முதலாளி, சீனத் தவ்கே, தலையைச் சொறிந்தார்.

"அங்கிள், ஹாரி ஹாரி சூச்சி? மோட்டோர் பெலும் கோத்தோர் லா!" இன்னும் அழுக்கே ஆகாத வண்டியைத் தினமும் கழுவ உனக்கென்ன பைத்தியமா என்பதைத்தான் அவர் அத்தனை மரியாதையாகக் கேட்டார்.

"எனக்குச் சுத்தம் பிடிக்கும் தவ்கே" என்று அண்ணன் மலாயில் பதில் சொல்லிவிட்டார்.

மோட்டாருக்குத்தான் சுத்தம் பிடிக்கவில்லை. முதலில் ஸ்டிக்கர்கள் போயின. பிறகு சிவப்பு வெளுத்து ரோஜா நிறமானது. நம்பர் பிளேட்டில் கடைசி எண் அழிந்து, ஒரு போலீஸ்காரர் நிறுத்தி விசாரித்தார். "கழுவிக் கழுவிப் போயிருச்சு சார்" என்ற உண்மையை அவர் நம்பவில்லை.

முப்பத்துநான்காம் நாள் காலை வண்டி எழுந்திருக்கவில்லை. உள்ளே எங்கெங்கோ தண்ணீர் புகுந்திருந்தது. எனக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, நீ காரக் கொண்டு போ. அவன் முழுங்கறதப் பாத்துட்டு வந்துரு. ஒரு நிமிஷ வேல."

போனேன். ஒரு நிமிட வேலையாக இல்லை. செல்வம் என்னைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, அண்ணன் என்னிக்கி வரலையோ அன்னியோட நிப்பாட்டிறணும்னு நெனச்சிருந்தேன். எனக்குத்தான் இருமலே இல்லையே. அதப் போட்டா வயத்தப் பெரட்டுது. ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சுக் கலருல போகுது, ரூம்ல ஒரே சிரிப்பு. போதும்க்கா, விட்ருங்க."

நோய் எப்படித் திரும்பி வரும், மருந்து எப்படிக் கேட்காமல் போகும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நான் பேசியது என் ரிப்போர்ட் மாதிரியே இருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த காரைக் கழுவப் போய்விட்டான். எனக்கு அழுகை வந்தது. ஓரமாகப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, மாட்டேங்கிறான்."

"அங்கயே இரு. காரக் கழுவக் குடு. நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிட்டா இன்னொரு தடவ குடு."

மூன்று முறை கழுவினார்கள். மூன்றாம் முறை தவ்கே என்னைப் பார்த்த பார்வையில், இந்த நோய் குடும்பத்துக்கே இருக்கிறதா என்ற கேள்வி தெரிந்தது.

உச்சி வெயிலில் அண்ணன் வந்து சேர்ந்தார். இரண்டு பஸ் மாறி, மிச்சத்தை நடந்து வந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில், மோட்டாரிலிருந்து கழற்றிய பக்கவாட்டுக் கண்ணாடி. கம்போடு சேர்த்து ஒரு பூங்கொத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார்.

"மோட்டோர் மானா?" என்றார் தவ்கே.

"வீட்ல இருக்கு."

அப்படியானால் எதைக் கழுவ வந்தாய் என்று தவ்கே கையை விரித்தார். அண்ணன் கண்ணாடியை நீட்டினார்.

"இத."

செல்வத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. குழாயைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. அவனுக்கு அருகில் போய், தவ்கேவுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"டேய், பாதியில நிப்பாட்டுன ரெண்டு பேரச் சவப்பொட்டியில வச்சுப் பாத்துட்டேன். மூணாவதா ஒன்னப் பாக்க என்னால முடியாதுடா. இன்னிக்கோட சேத்துப் பதினாறு நாளு. நீயும் இல்லன்னா எனக்கு யாருடா ஆ காட்டுவா?"

செல்வம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான். பிறகு அந்தக் கண்ணாடிக்குச் சோப்புப் போட்டு, தண்ணீர் அடித்து, துணியால் துடைத்து, கார் கழுவுவதைவிடப் பதவிசாகக் கழுவினான். அண்ணன் திரும்பி நின்று கண்ணாடியை உயர்த்திப் பிடித்தார். மாத்திரை இறங்கியது. ஆ. நாக்கு. இடது பக்கம். வலது பக்கம்.

தவ்கே பணம் வாங்கவில்லை. அட்டையை வாங்கி முத்திரை மட்டும் குத்தினார். குத்திவிட்டு, "என் அப்பாவும் இந்த மருந்து சாப்பிட்டவர்தான், அங்கிள். பையனை நாளைக்கு உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிடச் சொல்லு" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். மனிதர் எத்தனை நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தாரோ!

மோட்டாரைப் பழுதுபார்த்து அண்ணன் மறுபடி தினமும் கழுவக் கொண்டு போனார். நாற்பத்தொன்பதாம் நாள் ஐந்தாவது அட்டையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. சந்தோஷத்தில் தவ்கே அதிலும் முத்திரை குத்தப் போனார். அண்ணன் அட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "நாப்பத்தொம்பதுதான் முழுங்கினான். பொய் ரிப்போர்ட்டு வேணாம்."

அடுத்த வாரம் கிளினிக்கில் செல்வத்தின் சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. அந்தத் தாளை அண்ணன் மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

அந்த ஐந்து அட்டைகளையும் படம் எடுத்து, இறுதி அறிக்கையோடு இணைத்து, தூர தேசத்துக்கு அனுப்பினேன். நொடியில் பதில் வந்தது. இந்த முகவரியைப் பார்ப்பதற்கு இப்போது யாரும் இல்லை என்றது இயந்திரம். அண்ணனிடம் சொன்னேன். "பாவம், அவங்களையும் நிப்பாட்டிட்டாங்களா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

செல்வம் வேலையில் இருக்கிறான். அலுவலகம் இருந்த மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. எனக்கு ரத்த அழுத்தம் வந்திருக்கிறது. இந்தக் களேபரத்தில் வராமல் எப்படி இருக்கும்? தினமும் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க என்றார் டாக்டர். இதைச் சொன்னபோது அண்ணன் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்தவர் வியாதியைக் கேட்டு ஒரு மனிதர் இப்படிப் பூரித்ததை நான் கண்டதில்லை.

"ஆயுசு முழுக்கவா தங்கச்சி?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்குக் காணொளி அழைப்பு வருகிறது. முழுங்கு, ஆ காட்டு, நாக்கத் தூக்கு. என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். நானும், இந்த மனிதருக்கு வேறு வேலையே இல்லையா என்று எல்லோரிடமும் அலுத்துக்கொள்கிறேன்.

நேற்று ஏழரைக்கு அழைப்பு வரவில்லை. ஏழே முக்கால் ஆயிற்று. எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போன் அடிக்கும்வரை, உள்ளங்கையில் வியர்த்துக் கரையத் தொடங்கிய மாத்திரையோடு, சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன்.