தாடைக்கு அடியில் ஒரு கல்யாணப் பாட்டு

பாடுகிறவருக்குப் பக்கத்தில் நின்று பிடில் வாசிப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தப்பு நடந்தால் யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சௌகரியத்தில் நான் ஆறு வருஷம் சொகுசாகக் குடியிருந்தேன். என்னைப் போல வாசிக்க மூணாறு மலையிலேயே ஆள் இல்லை என்ற நினைப்பு வேறு. (எங்கள் எஸ்டேட்டில் வேறு யாரிடமும் பிடிலே இல்லை என்பது அப்போது என் கவனத்துக்கு வரவில்லை.)

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் சர்ச்சில் தாத்தா வாசித்தார், பிறகு அப்பா வாசித்தார். அப்பாவுக்கு விரல்கள் மரத்துப்போனதும் பிடில் என் தாடைக்கு வந்து சேர்ந்தது. சர்ச் பிடில் நின்றுகொண்டு, தாடையால் அழுத்திப் பிடித்து வாசிப்பது. பகலில் தேயிலைக் கொழுந்து எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண நாட்களிலும் பிடில்.

எங்கள் டிவிஷனில் யார் கல்யாணமானாலும் விருந்துப் பந்தலில் தேவதாஸ் மாமாதான் வாழ்த்துப் பாட்டு பாடுவார். பதினைந்து வருஷமாக ஒரே பாட்டு. பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் மட்டும் மாறும். ‘ரூத்’ என்று சின்னப் பெயராக இருந்தால் ரூ-ஊ-ஊத் என்று மலை இறங்கி மலை ஏறுவார். ‘கிறிஸ்துராஜசிங்’ என்று ஒரு மாப்பிள்ளை வந்தபோது மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

என் கூட்டாளி ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மறுநாளே தோட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க மூணு அக்காவுக்கும் அந்தப் பாட்டுதான் பாடுனாரு. எனக்கு வேண்டாம்ட்டி. எனக்குன்னு ஒண்ணு நீயே கட்டு.”

“நான் வாசிக்கிறவ. பாட்டெல்லாம் எனக்கு வராது.”

“கொழுந்து எடுக்கையில நாள் பூரா முணுமுணுக்கியே, அது என்னதாம்?”

அது என்ன என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு நாளில் பாட்டு வந்துவிட்டது. கல்யாணப் பாட்டில் பெண் என்றால் மல்லிகையாக இருப்பாள், மாதுளையாக இருப்பாள். எனக்குத் தெரிந்த ஸ்டெல்லா அப்படி இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடையைக் குறைத்துச் சொன்ன கங்காணியை, எல்லோரும் பார்க்க மறுபடி நிறுக்க வைத்தவள். அதையே எழுதினேன்:

ஆறாம் நம்பர் மேட்டுல அட்டைக்கு அஞ்சாதவ,
தராசைத் திருப்பித் தூக்கச் சொல்லித் தலை நிமிந்து நின்னவ,
மாப்பிள்ளை வீட்டாரே, மலையிறங்கி வாராளே,
கூட நின்னா நிழலு தருவா, குனியச் சொன்னாக் குனியமாட்டா!

தேவதாஸ் மாமா தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இது வாழ்த்தா, புகார் மனுவா? மாமியாக்காரி கேட்டா பொண்ண இங்கனயே விட்டுட்டுப் போயிருவா தாயி.”

“தெரிஞ்சே கூட்டிட்டுப் போகட்டும் மாமா” என்றாள் ஸ்டெல்லா.

இனி பாட்டு சொதப்பினால் என் மானத்தோடு அவள் கல்யாணமும் கப்பலேறும்.

கல்யாணத்தன்று மாமா கழுத்தில் மப்ளரோடு வந்து தொண்டையைத் தொட்டுக் காட்டினார். குரல் கட்டிவிட்டதாம். (கொஞ்ச நேரம் கழித்து, “ஏலே, சாரல் அடிக்கி, சோத்த மூடுங்கலே!” என்று பந்தல் அதிர அவர் கத்தியதை நானே கேட்டேன்.) ஆக, என் பாட்டை நானே பாட வேண்டும்.

மேடையேறி முன்னிசையை வாசித்தேன். முடித்துவிட்டு, வழக்கம்போல் பாட்டு வருவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் ஆளையே காணோம். சத்தியமாகச் சொல்கிறேன், பாட வேண்டியவள் நான்தான் என்பது மறந்தேபோய்விட்டது. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். மறுபடி நின்றேன். நாலாவது சுற்றில் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். ஐந்தாவதில், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து மாப்பிள்ளையின் தாய்மாமா கைதட்டினார்.

ஆறாவது சுற்றில் பாடினேன், பிடிலைத் தாடையில் வைத்தபடியே. விட்டால் பிடில் கீழே விழும். விடாவிட்டால் வாய் திறக்காது. “ம்றாம் நம்ர் ம்மேட்ல...” பல்வலிக்காரி வைத்தியரிடம் முறையிடுவது போல இருந்தது. நானோ கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தேன்.

“பாவம், பிள்ளைக்கு மேலுக்கு முடியலையோ?” என்று மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது பந்தல் முழுக்கக் கேட்டது.

அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டிய மணப்பெண் எழுந்தாள். தலையிலிருந்த வெள்ளை வலையைப் பின்னால் தள்ளினாள்.

“ஏட்டி! பிடில கீழ வச்சிட்டு வாயத் தொறந்து பாடுட்டி!”

பிடிலை நாற்காலியில் வைத்தேன். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பாடினேன். குரல் கரகரத்தது, உச்சத்தில் ஒரு முறை உடைந்தது. இருந்தாலும் அது என் குரல், என் சொல், யாருக்கும் பின்னால் ஓடாத பாட்டு. “குனியச் சொன்னாக் குனியமாட்டா” என்ற இடம் வந்ததும் கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் அந்த அடியைத் திருப்பிப் பாடினார்கள். நான் நிறுத்திய பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லார் கண்ணும் மாமியார் மேல் போனது. அவர் மெதுவாக எழுந்து ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தார்.

“எங்க வீட்ல தராசு கெடையாது தாயி. தைரியமா வா.”

அதற்குப் பிறகு எத்தனையோ பெண்களுக்குப் பாட்டு கட்டிவிட்டேன், ஒருத்திக்குச் செய்ததை இன்னொருத்திக்குப் பாடியதில்லை. தேவதாஸ் மாமாவே தன் மகள் கல்யாணத்துக்கு வந்து கேட்டார்: “பூவு, காயெல்லாம் வேண்டாம். உள்ளதச் சொல்லிப் பாடு.”

பிடிலை இப்போது நெஞ்சில் சாய்த்து வாசிக்கிறேன், தாடைக்கு விடுதலை. ஸ்டெல்லாவின் அந்த அதட்டலிலிருந்துதான் எனக்கு விடுதலை இல்லை. போன வருஷம் என் மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். “பொண்ணு பிடிச்சிருக்கா தம்பி?” என்று அவர்கள் கேட்க, இவன் தரையைப் பார்த்து ஏதோ முனகினான். “ஏலே, பிடில கீழ வச்சிட்டுச் சொல்லு” என்றார் என் வீட்டுக்காரர். பெண் வீட்டார் அத்தனை பேரும் அவன் கைகளைப் பார்த்தார்கள்.