பெரியப்பாவுக்கு ஒரு கைலி

குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் நான் கெட்டிக்காரி என்று ஒரு காலத்தில் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். (வேறு யாரும் சொல்லாததால்தான்.)

அப்போது குனோங் ராபாட் என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஞாயிறு பள்ளி நடத்திவந்தேன். பக்கத்து வீட்டு சரசு அக்கா குடும்பம் இந்துக்கள். அவர் கணவர், லோரி ஓட்டிய மணியம் அண்ணன், திடீரென்று இறந்து சனிக்கிழமை அடக்கம் ஆனது. மறுநாள், கூட்டத்தில் மிதிபடுவாள் என்று ஐந்து வயது யாழினியை என் வகுப்புக்கு அனுப்பிவைத்தார்கள். அவள் சரசு அக்காவின் தங்கை மகள், பெரியப்பாவின் செல்லம்.

ஈஸ்டர் நெருங்கியிருந்தது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் இயேசு உயிர்த்தெழுந்த கதையை எடுத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் பெண்கள் வாசனைத் தைலத்தோடு கல்லறைக்குப் போனார்கள் என்றதும் யாழினி கையைத் தூக்கினாள்.

"நாளைக்கு நாங்களும் பெரியப்பாவுக்கு பால் ஊத்தப் போறோம் டீச்சர். அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான் என்றேன். பிள்ளைக்குப் புரிகிறபடி சொல்லிவிட்டேன் என்று பெருமை வேறு. இயேசு எழுந்து போய்விட்டார், சுற்றியிருந்த துணி மட்டும் உள்ளே கிடந்தது என்று அமர்க்களமாக முடித்தேன்.

மறுநாள் காலை நானும் அவர்களோடு இடுகாட்டுக்குப் போனேன். பால் தெளித்து எல்லோரும் கிளம்பியபோது யாழினி மட்டும் நகரவில்லை. பள்ளிப் பையைத் திறந்து, பெரியப்பாவின் கைலியையும் சட்டையையும் எடுத்து மண்மேட்டின் மேல் வைத்தாள். எதற்கு என்று அவள் அம்மா கேட்டார்.

"பெரியப்பா எந்திரிச்சு வரப்போ துணி இருக்காதுல்ல. டீச்சர்தான் சொன்னாங்க."

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. பக்கத்திலேயே ஒரு குழி வெட்டி என்னை இறக்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. துக்க வீட்டுப் பிள்ளையை மதம் மாற்றப் பார்த்தேன் என்று நினைப்பார்களோ என்று ஒரு பயம். அதைவிட, மூன்று நாளாகப் பேச்சற்றுக் கிடந்த சரசு அக்காவை மேலும் நோகடித்துவிட்டேனே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

அக்கா குனிந்து கைலியை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"உயிரோட இருந்தப்பவே அந்த மனுசன் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்ல லா. இப்ப மட்டும் மூணாம் நாளு டாண்ணு வந்துருவாரா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடவே அழுகையும் வந்தது. பிறகு நாங்கள் எல்லோருமே சிரித்தோம், அழுதோம். யாழினியின் கையைப் பிடித்து, துணியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அக்காவே சமாதானம் செய்தார்.

யாழினி இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். நான் இன்னும் வகுப்பு எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரசு அக்கா தவறாமல் கேட்பார்:

"டீச்சர், இன்னைக்கு யாருக்கு துணி எடுத்து வைக்கணும்?"